ரத்தம் நிறுத்தும் ஸ்டார்ச் தூள்: "உரிமம் தரத் தயார்"னு போட்டிருக்காங்க, எடுக்கலாமா?

ஐந்துரோடு:

வணக்கம்ங்க. ஆத்தூர் ரோட்டுல மரவள்ளி ஸ்டார்ச் ஆலை நடத்துற கூட்டாளிகளுக்காகக் கேக்குறேன். ஒரு அரசு ஆய்வு நிறுவனம் தன்னோட தொழில்நுட்பப் பட்டியல்ல, "அறுவை சிகிச்சையின்போது ரத்தக்கசிவை நிறுத்தும், உடலில் கரையும் ஸ்டார்ச் நுண்துகள் தூள்"னு ஒரு கண்டுபிடிப்பைப் போட்டு, உரிமம் வேணுங்கறவங்க வரலாம்னு சொல்லியிருக்கு. கையில இருக்கறது ரெண்டு பக்கத் தாள். காப்புரிமைக்கு விண்ணப்பிச்சாச்சு, எலியிலயும் முயல்லயும் சோதிச்சாச்சு, தொழில்நுட்பத் தயார்நிலை 4 அப்படின்னு இருக்கு. கேக்குற தொகை: முன்பணம் 12 லட்சம், நிகர விற்பனையில 4% ராயல்டி. தனியுரிமை கிடையாது, நாளைக்கு வேற யாருக்கும் குடுப்பாங்க.

சேலத்துல மாவுக்குப் பஞ்சமில்ல, அதனால நமக்குத்தான் லாபம்னு கூட்டாளிகள் நினைக்கறாங்க. அது சரியா? பணம் கட்டறதுக்கு முன்னாடி என்னென்ன கேட்டு வாங்கணும்? தயாரிக்க என்ன அனுமதி வேணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இருபதாவது வளைவு:

"காப்புரிமைக்கு விண்ணப்பித்தாகிவிட்டது" என்ற ஒரு வரிக்குள் நாலைந்து நிலைமைகள் ஒளிந்திருக்கும். விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்குங்கள். காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடலில் அந்த எண்ணைப் போட்டால் பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிடும். தற்காலிக விவரக்குறிப்பு மட்டும் போட்டிருந்தால் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கணக்கு. பரிசீலனைக் கோரிக்கையான படிவம் 18 போயிருக்கிறதா என்றும் பாருங்கள். 2024 மார்ச் 15-க்குப் பிறகு தாக்கல் செய்த விண்ணப்பம் என்றால் அதற்குக் கெடு 31 மாதம், அதற்கு முந்தையது என்றால் 48 மாதம். கெடு தாண்டினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகிவிடும். முதல் பரிசீலனை அறிக்கை வந்திருந்தால் அதை இறக்கி முழுசாகப் படியுங்கள். பரிசீலகர் எந்தப் பழைய காப்புரிமையைக் காட்டி மறுத்திருக்கிறார் என்பதில்தான் 12 லட்சத்தின் மதிப்பு இருக்கிறது. ஸ்டார்ச் நுண்துகளால் ரத்தம் நிறுத்துவது உலகத்துக்குப் புதிது இல்லை. உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சில் செய்த தூள் பல வருடங்களாக அறுவை அரங்குகளில் இருக்கிறது. அதிலிருந்து இவர்களுடையது எதில் வேறு என்பதை உரிமைக்கோரிக்கையின் முதல் பத்தியில் தேடுங்கள்.

அடுத்து, விண்ணப்பதாரர் யார் யார்? இரண்டு நிறுவனங்களின் பெயர் இருந்தால், காப்புரிமைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி ஒருவர் மட்டும் உரிமம் கொடுக்க முடியாது. மற்றவரின் சம்மதமும் வேண்டும். ஒரு கையெழுத்தோடு ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டினால் அது காற்றில் கட்டின வீடு.

இன்னொன்றை யாரும் பார்ப்பதில்லை. இந்த ஆய்வு ஒரு முனைவர் பட்ட ஆய்வேடாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் வைக்கும் ஷோத்கங்காவில் அந்த ஆய்வேடு ஏறிய தேதியைப் பாருங்கள். காப்புரிமைத் தாக்கலுக்கு முன்பே அது பொதுவில் ஏறியிருந்தால் புதுமை போய்விட்டது. 31-ஆம் பிரிவில் 12 மாதச் சலுகை உண்டு. ஆனால் அது அரசு அறிவித்த கண்காட்சி, கற்றோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சில நிலைகளுக்குத்தான்.

திப்பி:

காப்புரிமை ஒரு பக்கம் இருக்கட்டும். "மாவு நம்மகிட்ட இருக்கு" என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு குப்பியில் 3 கிராம் தூள். ஸ்டார்ச் கிலோ 50 ரூபாய் என்றே வைத்தாலும் 3 கிராமுக்கு 15 காசு. ஒரு கிலோ மாவில் முந்நூறுக்கு மேல் குப்பி. ஆகவே மாவு மலிவாகக் கிடைப்பது இதில் லாபமே இல்லை. செலவு முழுக்கச் சுத்தத்தில், கிருமி நீக்கத்தில், சோதனையில், குப்பியில். சேலத்து மாவு இதில் உதவியா தொந்தரவா என்பதுதான் சரியான கேள்வி.

தொந்தரவு எங்கே என்று சொல்கிறேன். குச்சிக்கிழங்கை அரைத்துப் பாலைத் தொட்டியில் படிய விடுகிறோம். அந்த நேரத்தில் போர்த் தண்ணீரில் இருக்கும் கிராம்-நெகட்டிவ் பாக்டீரியா பெருகும். பின்னால் கிருமி நீக்கக் காமா கதிரில் போட்டால் பாக்டீரியா செத்துப்போகும். ஆனால் அதன் செல்சுவரில் இருக்கும் எண்டோடாக்சின் அப்படியே நிற்கும். உடம்புக்குள் போனால் காய்ச்சல் வரவைப்பது அதுதான். மருத்துவ சாதனத்துக்குப் பொதுவாக வைக்கும் வரம்பு சாதனம் ஒன்றுக்கு 20 எண்டோடாக்சின் அலகு. மூளைத் தண்டுவட நீரைத் தொடும் சாதனம் என்றால் 2.15. 3 கிராம் குப்பிக்கு 20 என்றால் கிராமுக்கு 6.6 அலகுதான். கண்ணாடிக் குப்பியைப் போல 250 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எண்டோடாக்சினை அழிக்கலாம் என்றால் மாவு கரியாகிவிடும். அதனால் வரவே விடாமல் பார்க்கணும்: அன்றைய கிழங்கு அன்றே அரைபடணும், தொட்டிக்குப் பதிலாக மையவிலக்குப் பிரிப்பான், கடைசிக் கழுவல்களுக்கு ஊசிமருந்துத் தர நீர். ஸ்டார்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்கிணைப்புக்குக் காரம் சேர்க்கும் கட்டத்தில் எண்டோடாக்சின் கொஞ்சம் குறையும். ஆனால் அதற்குப் பின் கழுவும் தண்ணீர் மோசமாக இருந்தால் மறுபடியும் ஏறிக்கொள்ளும்.

வெயில் களத்தில் காய்ந்த மாவு வேண்டவே வேண்டாம். வெளுப்புக்கு ஹைப்போகுளோரைட்டோ பெராக்சைடோ போட்ட மாவும் வேண்டாம். வெளுப்பு மருந்து ஸ்டார்ச்சின் சங்கிலியை உடைத்து ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். தொகுதிக்குத் தொகுதி தண்ணீர் உறிஞ்சும் அளவு மாறும், ஏன் மாறுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். கிழங்கில் இருக்கும் சயனைடு பற்றிப் பயப்படுவார்கள். அது தண்ணீரில் கரைவது, கழுவலில் போகும். ஆனால் அளந்து எண்ணாகக் காட்டணும்.

அந்த நிறுவனத்திடம் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: உங்கள் எலி, முயல் தரவு எந்த மாவில் செய்தது? கடையில் வாங்கிய ஆய்வகத் தர உருளைக்கிழங்கு ஸ்டார்ச் என்றால், அந்தத் தரவு நம் மாவுக்குப் பேசாது. உருளைக்கிழங்குத் துகள் 100 மைக்ரான் வரை போகும். மரவள்ளித் துகள் பெரும்பாலும் 35 மைக்ரானுக்குள். உருளையில் பாஸ்பேட் அதிகம், அதுவும் நீர் உறிஞ்சலை மாற்றும். இரண்டாவது கேள்வி: கிருமி நீக்கிய பிறகு சோதித்தீர்களா, முன்பா? தயார்நிலை 4 என்றால் ஆய்வக அளவில் நிரூபித்தது என்றுதான் அர்த்தம். பெரும்பாலும் கிருமி நீக்காத தூளை வைத்தே செய்திருப்பார்கள்.

ஐந்துரோடு:

கேட்டுட்டேன்ங்க. உருளைக்கிழங்கு ஸ்டார்ச்தானாம். ஒரு லிட்டர் பீக்கர்ல செஞ்சது. கிருமி நீக்கம் "அடுத்த கட்டப் பணி"னு பதில் வந்திருக்கு. விண்ணப்பத்துல ஒரு மருத்துவமனை பேரும் சேர்ந்து இருக்கு. முழு விவரக்குறிப்பு போயிருக்கு, பரிசீலனை அறிக்கை இன்னும் வரல. எண்ணெயில ஸ்டார்ச் கரைசலைக் கலக்கி, எபிகுளோரோஹைட்ரின் போட்டு உருண்டையா ஆக்கறாங்க. 100 லிட்டர் பாத்திரத்துல அப்படியே செய்யலாமா?

மேட்டுத்தெரு:

காப்புரிமையே இன்னும் கிடைக்கலையே. எதுக்கு 12 லட்சம்? விண்ணப்பம் வெளியானா செய்முறை முழுக்க அதுல இருக்கும். படிச்சுட்டு நாமளே செய்ய வேண்டியதுதான்.

இருபதாவது வளைவு:

மேட்டுத்தெரு, அது கொஞ்ச நாள் இனிக்கும். 11ஏ பிரிவைப் பாருங்கள். விண்ணப்பம் வெளியான நாளிலிருந்தே விண்ணப்பதாரருக்குக் காப்புரிமை பெற்றவருக்கு உள்ளது போன்ற உரிமை உண்டு. கிடைக்கும் வரை வழக்குப் போட முடியாது, அவ்வளவுதான். கிடைத்த பிறகு இடைப்பட்ட காலத்துக்கும் சேர்த்து நஷ்டஈடு கேட்கலாம். ஆய்வுக்காகச் செய்து பார்ப்பதற்கு 47-ஆம் பிரிவில் இடமுண்டு; அனுமதி வாங்கத் தேவையான தரவைத் திரட்டச் செய்வதற்கு 107ஏ. விற்கத் தொடங்கும்போது அந்த நிழல் போய்விடும்.

இதற்கு நடுவழி உண்டு. இப்போதே உரிம ஒப்பந்தம் போடாமல், ஆறு மாதமோ ஒரு வருடமோ மதிப்பீட்டு ஒப்பந்தம் கேளுங்கள்: சிறு கட்டணம், அந்தக் காலத்தில் செய்முறையும் மாதிரியும் உங்களுக்கு, கடைசியில் முன்பு பேசிய விலைக்கு உரிமம் எடுக்கும் விருப்பு உங்கள் கையில். மருத்துவமனையும் சேர்ந்தே கையெழுத்துப் போடட்டும்.

முழு ஒப்பந்தம் வரும்போது 12 லட்சத்தை ஒரே மூச்சில் கொடுக்காதீர்கள். ஒரு பங்கு கையெழுத்தின்போது, ஒரு பங்கு உங்கள் ஆலையில் மூன்று தொகுதி தொடர்ந்து விவரக்குறிப்புக்குள் வந்தபோது, மீதி காப்புரிமை கிடைத்தபோது. கிடைக்காமல் போனால் ராயல்டி எவ்வளவு குறையும் என்பதையும் எழுதுங்கள். "நிகர விற்பனை" என்பது ஆலை வாசல் விலையா, விநியோகஸ்தர் விலையா, ஜி.எஸ்.டி. கழித்தா என்று விளக்கமாக இருக்கட்டும். 4% சண்டையெல்லாம் இந்த ஒரு சொல்லில்தான் வரும். முன்பணத்தின் மேல் 18% ஜி.எஸ்.டி. தனி. நீங்கள் பின்னால் செய்யும் மேம்பாட்டை அவர்களுக்கு மட்டுமே தர வேண்டும், காப்புரிமை செல்லுபடியைக் கேள்வி கேட்கக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை போட்டால் அது 140-ஆம் பிரிவின்படி செல்லாது, நீக்கச் சொல்லுங்கள். மரவள்ளிக்கு ஏற்றபடி செய்முறையை மாற்றப்போவது நீங்கள், அதனால் இது வெறும் சட்டப் பேச்சு இல்லை. காப்புரிமை கிடைத்த பிறகு படிவம் 16 மூலம் உரிமத்தைப் பதிவு செய்யுங்கள். கண்டுபிடிப்பு இந்தியாவில் பயன்படுகிறதா என்று தெரிவிக்கும் படிவம் 27-ஐ உரிமம் பெற்றவரும் தர வேண்டும். இப்போது அது மூன்று நிதியாண்டுக்கு ஒரு முறை.

அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.ஹெச்.-இன் பட்டியலில் இதே மாதிரி கண்டுபிடிப்புகள் கிடக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள், அதனால் ஒரு வார்த்தை. அந்தப் பட்டியலில் உள்ளது இந்தியாவில் தாக்கலாகியிருக்கிறதா என்று பாருங்கள். சர்வதேச விண்ணப்பம் முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் இந்தியாவுக்குள் வரவில்லை என்றால் இங்கே காப்புரிமை இல்லை. சேலத்தில் செய்து சேலத்தில் விற்க உரிமமே தேவைப்படாது. செல் வரிசை, ஆன்டிபாடி போன்ற பொருள் வேண்டுமானால் அதற்குத் தனி உரிமம். அமெரிக்காவில் விற்கத் தனியுரிமம் எடுத்தால், விலக்கு கொடுத்தாலொழிய அங்கேயே பெருமளவு தயாரிக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம்.

திப்பி:

100 லிட்டர் கேள்விக்கு வருகிறேன். அப்படியே செய்ய முடியாது, காரணம் கலக்கி. துகளின் அளவைத் தீர்மானிப்பது சுழற்சி எண் இல்லை, கலக்கித் தகட்டின் நுனி வேகம். பீக்கரில் 5 செ.மீ. கலக்கி நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நுனி வேகம் விநாடிக்கு 1.57 மீட்டர். அதே 600-ஐ 30 செ.மீ. கலக்கியில் வைத்தால் 9.4 மீட்டர். உருண்டைகள் பொடிப்பொடியாகும், தூள் காற்றில் பறக்கும், ஈரம் பட்டதும் மேலே களியாகி உள்ளே உலர்ந்தே கிடக்கும். அதே நுனி வேகம் வேண்டும் என்றால் 100 சுற்று. ஆனால் 100 சுற்றில் பாத்திரத்தின் அடியில் கலக்கம் போதாது, ஸ்டார்ச் கரைசல் அடியில் தேங்கிக் கட்டிதட்டும். இரண்டு அடுக்குத் தகடும் சுவரில் தடுப்புப் பட்டையும் வைத்து, 100-க்கும் 160-க்கும் நடுவே சோதித்துத்தான் பிடிக்கணும். 10 லிட்டரில் ஒரு படி நின்றுவிட்டு 100-க்குப் போங்க.

எபிகுளோரோஹைட்ரின் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சந்தேகிக்கப்படும் பொருள். தூளில் மிச்சம் எவ்வளவு என்று கேஸ் குரோமட்டோகிராபியில் ஒவ்வொரு தொகுதிக்கும் பார்க்கணும். எண்ணெயைக் கழுவ எத்தில் அசிட்டேட், எத்தனால் என்றால் வழக்கமான வரம்பு தலா 5000 பி.பி.எம்.; ஹெக்சேன் என்றால் 290 தான். செய்முறையில் ஹெக்சேன் இருந்தால் மாற்றச் சொல்லுங்க. ஆலையில் தீப்பிடிக்கும் கரைப்பான் வைக்கத் தனி அனுமதி வேறு. மாவு ஆலைக்குள் இதை வைக்கவே கூடாது. மாவுத் தூசியும் வெடிக்கும்.

கிருமி நீக்கம். எத்திலீன் ஆக்சைடு நுண்துளைத் தூளுக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வர நாளாகும். உலர் சூடு மாவைப் பழுப்பாக்கும். ஆக காமா, இல்லாவிட்டால் எலெக்ட்ரான் கற்றை. காமாவும் சும்மா விடாது: சங்கிலி அறுபடும், பி.ஹெச். கீழே வரும், லேசாக மஞ்சளாகும், நீர் உறிஞ்சல் குறையும். ஈரம் அதிகமாக இருந்தால் சேதமும் அதிகம், அதனால் 8%-க்குக் கீழே உலர்த்தி அலுமினியப் பையில் அடைத்து அனுப்புங்க. கதிர் அளவு 25 கிலோகிரே என்று கேட்டால், அது பெட்டியின் மிகக் குறைந்த இடத்துக்கான அளவு. அதே பெட்டியில் வெளிப்புறம் 35, 38 வரை போகும். தூள் வேலை செய்கிறதா என்ற சோதனையை 40-இல் வாங்கிய மாதிரியில் செய்யணும், 25-இல் இல்லை. 25 போதும் என்று நிரூபிக்க கதிர்வீச்சுக் கிருமி நீக்கத் தரநிலையான ஐஎஸ்ஓ 11137-இன் விடிமேக்ஸ் முறை: மூன்று தொகுதியிலிருந்து பத்துப் பத்து குப்பியில் உயிர்ச்சுமை, அதாவது கிருமி எண்ணிக்கை, எண்ணணும், சராசரி 1000-ஐத் தாண்டக் கூடாது, பிறகு குறைந்த சரிபார்ப்பு அளவில் கதிர் காட்டிய பத்துக் குப்பியைச் சோதிக்கணும்.

குப்பி விஷயத்தில் எல்லாரும் வழுக்குவார்கள். சாதாரண பாலிப்ரொப்பிலீன் துருத்திக் குப்பி காமாவுக்குப் பிறகு மொறுமொறுவென்று ஆகி, அழுத்தினால் கழுத்தில் விரியும், அதுவும் சில மாதம் கழித்து. பாலிஎத்திலீன் அல்லது கதிர்வீச்சு தாங்கும் தரம் கேளுங்க. ஈரப்பதமும் பாருங்க: மூடியைத் திறந்த தூளை ஏற்காட்டு மூடுபனிக் காலத்தில் மேசையில் வைத்தால் துருத்தி முனை அடைபட்டுப்போகும். விசாகப்பட்டினம், கொச்சி அறுவை அரங்கிலும் அதே கதைதான்.

செவ்வாய்ப்பேட்டை:

அனுமதி பற்றி யாரும் சொல்லலையே. மருத்துவ சாதன விதிகள் 2017-இல் ஏ, பி, சி, டி என நாலு வகுப்பு. அறுவையின்போது உள்ளே போட்டு உடம்பில் கரைந்துபோகும் பொருள் டி வகுப்பு, மிகக் கடுமையானது. மாநில அதிகாரி கொடுக்க முடியாது, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. விண்ணப்பப் படிவம் எம்டி-7, உரிமப் படிவம் எம்டி-9. சி, டி வகுப்புக்கு 2023 அக்டோபர் 1 முதல் உரிமம் கட்டாயம்.

அதற்கு முன்னால் சோதனைத் தொகுதி தயாரிக்கவே எம்டி-12 போட்டு எம்டி-13 வாங்க வேண்டும். இதைத் தவறவிட்டு மூன்று தொகுதி செய்துவிட்டால் அந்தத் தரவைக் கோப்பில் வைக்க முடியாது. மனிதர்களில் சோதனை தேவைப்பட்டால் எம்டி-22, அனுமதி எம்டி-23. இதே மாதிரி தூள் இந்தியாவில் ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்தால் அதை முன்மாதிரியாகக் காட்டி ஒப்பிடலாம். ஆனால் மூலப்பொருள் உருளையிலிருந்து மரவள்ளிக்கு மாறியதை அவர்கள் கேட்காமல் விடமாட்டார்கள். ஐஎஸ்ஓ 10993 உயிர்ப்பொருத்தச் சோதனையை நல்லாய்வக நடைமுறைச் சான்று பெற்ற ஆய்வகத்தில், இறுதியாகக் கிருமி நீக்கிய, இறுதிக் குப்பியில் அடைத்த பொருளில் செய்யுங்கள். திருவனந்தபுரம் பூஜப்புரையில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டது. ரத்தப் பையும் செயற்கை இதய வால்வும் ஆய்வுக்கூடத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போனது அங்கிருந்துதான்.

ஆத்தூர் ஆலைக்குள்ளேயே சுத்த அறை கட்ட அவசரப்படாதீர்கள். கடன் உரிமம் என்று ஒன்று இருக்கிறது: ஏற்கெனவே உரிமம் உள்ள இன்னொருவரின் தயாரிப்பிடத்தில் உங்கள் பெயரில் செய்வது. டி வகுப்புக்கு எம்டி-8 விண்ணப்பம், எம்டி-10 உரிமம். மாவுச் சுத்திகரிப்பு உங்களிடம், குறுக்கிணைப்பும் நிரப்பலும் அங்கே.

லேபிளில் "வெளிப்புறச் சிறு வெட்டுக்காயத்துக்கு மட்டும்" என்று போட்டால் வகுப்பு கீழே இறங்கும், மாநில அதிகாரியிடமே முடியும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். உண்மைதான், ஆனால் அந்தத் தூளை அறுவை அரங்குக்கு விற்க முடியாது. உங்கள் விலைக் கணக்கு எந்த லேபிளை நம்பிப் போட்டது என்று பாருங்கள்.

ஐந்துரோடு:

மதிப்பீட்டு ஒப்பந்தம்தான் கேட்கப்போறோம், ஆறு மாசம், மருத்துவமனை கையெழுத்தோட. அந்த ஆறு மாசத்துல முதல்ல என்ன செஞ்சு பார்க்கணும்? எல்லாத்தையும் ஒரே நேரத்துல முடியாது.

திப்பி:

குறுக்கிணைப்பைத் தொடுவதற்கு முன்னால் மாவு. வெளுக்காத மாவு மூன்று வெவ்வேறு வாரத்தில் எடுங்க, ஒரு வாரமாவது மழைக்காலத்தில் வரட்டும், தண்ணீர் அப்போதுதான் மோசம். மூன்றிலும் எண்டோடாக்சின் பாருங்க. ஆய்வகத்திடம் பீட்டா-குளுக்கான் தடுப்பி சேர்த்துச் செய்யச் சொல்லுங்க. தாவர, பூஞ்சை மிச்சத்தில் இருக்கும் பீட்டா-குளுக்கான், எண்டோடாக்சினை அளக்கும் குதிரைலாட நண்டு ரத்தச் சோதனையில் பொய்யாக ஏற்றிக் காட்டும். கிராமுக்கு 6.6-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை, நூற்றுக்கணக்கில் நிற்கிறது என்றால் கழுவல் வழியை மாற்றாமல் அடுத்த கட்டம் போகாதீங்க.

அது சரியானால் அவர்களுடைய தூளையும் உங்கள் மாவில் 1 லிட்டர் பீக்கரில் செய்த தூளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்க. ஒவ்வொன்றும் காமா இல்லாமல், 25 கிலோகிரேயில், 40-இல். எடை போட்ட மையவிலக்குக் குழாயில் 1 கிராம் தூள், 37 டிகிரியில் 20 மில்லி உப்புநீர், பத்து நிமிடம், சுழற்றி, மேல் நீரை ஊற்றிவிட்டு மறுபடி எடை. அப்புறம் சிட்ரேட் சேர்த்த ரத்தத்தில் கால்சியம் குளோரைடு விட்டு உறையும் நேரம். ஆறு மாதிரிகள், ஒவ்வொன்றும் மூன்று முறை; பெரிய கருவி எதுவும் வேண்டாம். 40 வாங்கிய உங்கள் தூள் காமா வாங்காத அவர்கள் தூளை விடப் பாதிதான் உறிஞ்சுகிறது என்றால் அந்தத் தாளையும் எண்ணையும் எடுத்துக்கொண்டு விலை பேசப் போங்க.